பம்புக்கார மாமாவின் கடவுச்சொல்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டில் நான் எழுதப் போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று முதலிலேயே சத்தியம் செய்து வைக்கிறேன். என் இரண்டு சிறுநீரகங்கள் மேல் ஆணை. இரண்டும் உள்ளே கம்பிச்சுருள் எரிந்துபோன மோட்டார்கள் என்பதால் ஆணையின் மதிப்பு கொஞ்சம் குறைவுதான். அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் செங்கோட்டுவேல். கோயமுத்தூர், ஒண்டிப்புதூர். ஆயுசெல்லாம் மோட்டார் பம்பு விற்றவன். பல்லடத்தில் நான் மாட்டிக் கொடுத்த பம்பு ஒன்று கிணற்றுத் தண்ணீரை இறைத்து முடித்துவிட்டுப் பாதாளத்தையும் தாண்டி அந்தப் பக்கத்துத் தண்ணீரையும் இழுத்துவிட்டது. அமெரிக்காவில் ஒருவன் குளித்துக்கொண்டிருக்கும்போதே குழாய் நின்றுவிட்டதாகப் புகார் வந்தது. அப்பேர்ப்பட்டவனுக்கு இன்று ஒரு நாளைக்கு முக்கால் சொம்பு தண்ணீர்தான் அனுமதி. குடித்ததைத் தினமும் எழுதி வைக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டு இது. வெறும் தண்ணீரை எழுதினால் நோட்டுக்கு மரியாதை இல்லை என்பதால் மற்றதையும் எழுதுகிறேன்.

தண்ணீர்: சொன்ன அளவு.

இன்று டயாலிசிஸ். செவ்வாயும் சனியும் என் ரத்தம் உடம்பை விட்டு வெளியே போய், ஒரு மெஷினுக்குள் சுற்றுலா பார்த்துவிட்டுத் திரும்பி வரும். ரஞ்சனி வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். என் தங்கை பூங்கோதையின் ஒரே மகள். காதுகுத்தின்போது என் மடியில் உட்கார்ந்து, குத்தின ஆசாரியை விட்டுவிட்டு என் மூக்கைக் கடித்தவள். இப்போது பீளமேட்டில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியை நடத்துகிறாள். இந்த ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோயாளிக்கும் கம்ப்யூட்டரில் தனிப்பக்கம் இருக்கிறதே, அது அவள் ஆட்கள் செய்தது.

"மாமா, ரெண்டு சமாச்சாரமுங். எத மொதல்ல சொல்லட்டும்?"

"சின்னத மொதல்ல சொல்லு கண்ணு. பெருசத் தாங்கத்தான் ஆளு ஏற்கெனவே படுத்துட்டனே."

"இந்த வார்டுல முக்காவாசிப் பேருக்கு ஒரே பாஸ்வேர்டு. தெரியுங்களா? இங்கிலீசுல அடிக்க வராதுன்னு சிஸ்டருகளே எல்லாருக்கும் ஒண்ணை வெச்சுக் குடுத்துட்டாங்க. ஒருத்தர் பக்கத்த இன்னொருத்தர் தொறந்து பாக்கலாம்."

"அதனாலதான் எதுத்த கட்டில் மருதாசலத்துக்குச் சர்க்கரை எவ்வளவுன்னு எனக்குத் தெரியுது."

"மாமா." பல்லைக் கடித்தாள். "அதான் இப்ப பாதுகாப்புத் தணிக்கைக்காரங்க புடிச்சுக்கிட்டாங்க. உலகத்துல எந்த பாசை எழுத்தா இருந்தாலும் பாஸ்வேர்டுல ஏத்துக்கோணும்ங்கறது தரநிலை. தமிழுக்குத் தொறந்து விட்டிருக்கறோம். நீங்கதான் மொத ஆளா வெச்சுப் பாக்கோணும்."

"பெரிய சமாச்சாரம்?"

குழாயில் ரத்தம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மாவுக்கு எடுத்த டெஸ்ட்டு எல்லாம் வந்துருச்சுங் மாமா. ஒத்துப் போகுது. அம்மாவோட கிட்னி உங்களுக்கு வெக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மெஷின் அலறியது. சிஸ்டர் எஸ்தர் ஓடி வந்து, கையை ஆட்டாதீங்க என்று அதட்டினார். நான் ஆட்டவில்லை. பூமி ஆடியிருக்கும்.

ஜூன் 4, புதன்

தண்ணீர்: சொன்ன அளவு. இளநீர் தண்ணீரில் சேராது என்று நினைக்கிறேன்.

காலையில் துணி துவைத்தேன். மத்தியானம் ரஞ்சனியின் ஆபீசுக்குப் போனேன். அங்கே நிசார் என்று ஒரு பையன். தலையில் முடி குறைவு, மூளை அதிகம். ரஞ்சனிக்கு வலதுகை. என் போனை வாங்கி, கடவுச்சொல் மாற்றும் இடத்தைத் திறந்து கொடுத்தான். நான் அடித்ததும் ஒரு சிவப்பு வரி வந்தது: குறைந்தது ஒரு பெரிய எழுத்தாவது வேண்டும்.

"தம்பி, தமிழ்ல எல்லா எழுத்தும் ஒரே ஒசரந்தானே. பெருசுக்கு நான் எங்க போறது?"

நிசார் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அந்த ரூலை எடுக்க மறந்துட்டேன் அங்கிள். இருங்க." எடுத்தான். இப்படியாக, தமிழ் மொழியின் மீது சுமத்தப்பட இருந்த அநீதியை ஒற்றை ஆளாக நின்று தடுத்தேன்.

கடவுச்சொல் என்ன என்று இங்கே எழுத மாட்டேன். வெளியே கேட்பவர்களுக்குச் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன்: 'கொங்குநாட்டுச் சிங்கம் செங்கோட்டுவேல் பராக்'. அது வாசலில் மாட்டும் பலகை. உள்ளே இருப்பது வேறு. போனில் போட்டதும் பக்கம் திறந்தது. என் பெயர், என் ரத்த வகை, கீழே 'தானம் அளிப்பவர்' என்று பூங்கோதையின் படம். ரேஷன் கார்டுக்கு எடுத்த படம் போல முறைத்துக்கொண்டிருந்தாள்.

படத்துக்குக் கீழே 'சம்மதம்' என்று ஒரு பொத்தான். அதை வீட்டிலிருந்து போனில் அமுக்க முடியாது. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில், மாற்று அறுவைக்கான ஒருங்கிணைப்பாளர் அம்மா முன்னால், நோயாளியே தன் கடவுச்சொல்லைப் போட்டுத் திறந்து அமுக்க வேண்டும். யாரும் மிரட்டி வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவாம். பதினாறாம் தேதிக்குள் அமுக்கினால் அனுமதிக் குழுவின் இந்த மாதக் கூட்டத்திலேயே அனுமதி. விட்டால் அடுத்த குழு எப்போது கூடும் என்று அவர்களுக்கே தெரியாது. என் கையில் ஊசி குத்துகிற ரத்தக்குழாய் அதுவரை தாங்குமா என்பதில் டாக்டருக்குச் சந்தேகம். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என் ரத்தக்குழாய் மூன்று இஞ்ச் ஜி.ஐ. பைப்.

ஜூன் 5, வியாழன்

தண்ணீர்: சொன்ன அளவு. சமைத்தேன். பாத்திரம் கழுவினேன். பக்கத்தைப் போனில் திறந்து பார்த்தேன். இன்னும் முறைக்கிறாள்.

ஜூன் 7, சனி

டயாலிசிஸ் முடிந்து நடக்கத் தெம்பு வந்ததும் சந்திரிகா அம்மாவின் அறைக்குப் போனேன். அவர்தான் ஒருங்கிணைப்பாளர். அந்த அறைக் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவரின் சொந்த உபயோகத்துக்காகச் செய்யப்பட்டது என்று நினைக்கிறேன். தமிழ் விசைகளெல்லாம் என் போனில் இருப்பதுபோல் இல்லாமல் வேறு மாதிரி இடம் மாறி, ஸ்டிக்கர் ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஒரு விரலால் அடித்தேன். கட்டத்துக்குள் எழுத்துத் தெரியாது, கருப்புப் புள்ளிதான் வரும்.

தவறான கடவுச்சொல்.

மறுபடி அடித்தேன். தவறு. மறுபடி. தவறு. அதோடு பக்கம் பூட்டிக்கொண்டது. ஒரு நாள் கழித்து வரச் சொன்னது.

"மாத்தி வெச்சுக்கலாமே சார்? புதுசா இங்கிலீஷ்ல ஒண்ணு போட்டுக்குங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்றார் சந்திரிகா அம்மா.

"சரியா இருக்கறத எதுக்கம்மா மாத்தோணும்?" என்றேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறது. தமிழ் எழுத்துக்காக உயிரையும் கொடுப்பேன் என்று அங்கேயே ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். வெளியே வரிசையில் இருந்த இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருவர் கைதட்டினார். சரி, இருமினார்.

பஸ் ஏறுமுன் ஒரு இளநீர் குடித்தேன். மனசு லேசாக இருந்தது. வெயில் தாழ்ந்ததால் இருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

பூங்கோதை வீட்டில் சாப்பாடு. கிட்னிக்காரனுக்கு அவள் செய்கிற காய், வேகவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி வேகவைத்து, மறுபடி வடித்து, கடைசியில் காய் என்கிற எண்ணம் மட்டும் தட்டில் மிஞ்சும்.

நான் வெறும் கையோடு அந்த வீட்டுப் படி ஏறியதில்லை. தாய்மாமன் என்றால் சும்மாவா. ரஞ்சனியின் காதுகுத்துக்கு யானை மேல் சீர் கொண்டு போனேன். (டெம்போ. ஆனால் டெம்போவின் முகப்பில் யானைப் படம் இருந்தது.) அவள் பெரியவளானபோது சீர்த்தட்டு வரிசை முன்னால் போய்க்கொண்டே இருந்தது, கடைசித் தட்டு எங்கள் வீட்டை விட்டுப் புறப்படும்போது முதல் தட்டு பழையதாகிவிட்டது. பிறந்த வீடு கொடுக்கும், பெண் வாங்கிக்கொள்ளும். எங்கள் அப்பன் அப்படித்தான் செய்தார். தங்கச்சி வீட்டில் கை நீட்டி வாங்கினவன் என்று எங்கள் வகையறாவில் ஒருவன் பேர் சொல்லட்டும் பார்க்கலாம்.

இன்று ஒரு குக்கர் கொண்டு போனேன். வாங்கி மூலையில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

"பாஸ்வேர்டு தெறக்கலையாமா" என்றாள், சுவரைப் பார்த்து.

"கம்ப்யூட்டருக்கு ஒடம்பு சரியில்ல."

"ரோடு, லைட்டுக் கம்பம், மழை, எல்லாத்துக்கும் ஒடம்பு சரியில்ல. உனக்கு மட்டுந்தான் நல்லா இருக்குது. இன்னொரு கரண்டி போடட்டுமா?"

போட்டாள். நான் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றும் போனேன். இன்றும் மூன்று தடவை தவறு. போனில் போட்டால் அதே கடவுச்சொல்லுக்கு உடனே திறக்கிறது. சந்திரிகா அம்மாவிடம் காட்டினேன். "போன்ல பழைய ஞாபகத்துல தானா தொறக்குமுங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

ரஞ்சனியும் நிசாரும் வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தணிக்கை. நிசார் சொன்னான்: "அக்கா, தமிழை எடுத்துருவோம். எங்க தப்புன்னு தெரியாம வெச்சுக்கிட்டு இருந்தா தணிக்கையில அதுவே பெரிய ஓட்டையாத் தெரியும். பழையபடி இங்கிலீஷ் மட்டும்."

"பத்துப் பேருக்குத் தமிழ்ல வெச்சுக் குடுத்திருக்கோமே நிசார்."

"யாரும் புகார் சொல்லல. அங்கிள் ஒருத்தருக்குத்தான் தெறக்கல."

ரஞ்சனி என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள். "மாமா. நெசத்தச் சொல்லுங்க. வேணும்னே தப்பா அடிக்கறீங்களா?"

"இல்ல கண்ணு."

"நடிக்காதீங் மாமா. எங்கம்மா ஆறு மாசமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சு, சர்க்கரையக் கொறைச்சு, நெஞ்செல்லாம் படம் புடிச்சு, ஒண்ணொண்ணா பாஸ் பண்ணி வந்து நிக்குது. நீங்க ஒரு வார்த்தை அடிக்க மாட்டீங்கறீங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க. அதையாச்சும் மொகத்துக்கு நேராச் சொல்லுங்க."

 இவள் குழந்தையாக இருந்தபோது நொய்யல் ஆற்றில் திமிங்கலம் பிடித்தேன் என்றேன், நம்பினாள். நிலாவுக்குப் போகிற ராக்கெட்டுக்குப் பம்பு நான் கொடுத்தது என்றேன், பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி அடி வாங்கி வந்தாள். சரியாகத்தான் அடிக்கிறேன் என்று இன்று சொன்னதை மட்டும் நம்பவில்லை.

தண்ணீர்: எழுத மனசில்லை.

ஜூன் 11, புதன்

காலையில் காபி போடும்போது மூச்சுக் கொஞ்சம் விளையாட்டுக் காட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டார். எனக்காக அவினாசி ரோடு முழுவதும் மரியாதையாக ஒதுங்கி நின்றது. மந்திரிகளுக்குக்கூட இப்படி ஒதுங்குவதில்லை.

அவசர டயாலிசிஸ். சிஸ்டர் எஸ்தர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எளநி குடிச்சீங்களா?"

"பாத்தேன்."

"பொட்டாசியம் இந்த அளவு ஏறுனா நெஞ்சு அப்படியே நின்னுரும். சொல்லியிருக்கேன்ல? கைக் கொழாய்லயும் ஓட்டம் பாதிதான் இருக்கு. அடுத்த வாரம் டாக்டர் பாக்கணும்னார்."

மூன்று இஞ்ச் பைப்பில் பாதி ஓட்டம் என்றால் அதுவே ஒன்றரை இஞ்ச். இரண்டு ஏக்கருக்குப் பாயும்.

கண் திறந்தபோது கால்மாட்டில் ரஞ்சனி உட்கார்ந்திருந்தாள். நேற்றுக் கட்டியிருந்த சேலை. நிசார் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். அவன் ஸ்கூட்டரில்தான் வந்தார்களாம்.  அப்போதுதான் பக்கத்துக் கட்டிலில் அந்தச் சம்பவம் நடந்தது. இதை நான் மிகைப்படுத்தவில்லை. மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

பக்கத்துக் கட்டில் நல்லம்மாள், சூலூர்ப் பக்கம். இட்லிக் கடைக்காரம்மா. குரல் அங்கிருந்து பொள்ளாச்சிவரைக்கும் போகும். சிஸ்டரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மணி, போனுல போட்டாத் தெறக்குது, இங்க உங்க பொட்டில போட்டாத் தப்புங்குது. மூணு வாட்டி அடிச்சுப் பூட்டியும் போச்சு. நானென்ன பொய்யா சொல்றேன்? 'கோனியம்மா தொணை'ன்னு தானே வெச்சேன். அதத்தானே அடிக்கறேன்."

வார்டு முழுக்க அவர் கடவுச்சொல்லைக் கேட்டது. நிசார் சாவியைப் பையில் போட்டான்.

"ஏன் இத்தனை நாளாச் சொல்லல?" என்று ரஞ்சனி அந்த அம்மாவிடம் கேட்டாள்.

"சொன்னா யாரு நம்பறா கண்ணு. படிக்காதவ தப்பா அடிச்சிருப்பான்னுதான் சொல்லுவீங்க."

ரஞ்சனி மெதுவாக என் பக்கம் திரும்பினாள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். நன்றாக நடிப்பேன்.

ஜூன் 12, வியாழன்

என்னை இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை. சாயங்காலம் நிசார் துள்ளிக்கொண்டு வந்தான்.

"கெடச்சிருச்சு அங்கிள். மருதாசலம் அங்கிள் 'மருதமலை முருகன்'னு வெச்சிருக்காராம், அவரே சொல்லிட்டாரு."

"இந்த வார்டுல யாருக்கும் ரகசியமே தங்காதா?"

"கேளுங்க. அவருக்கு ரெண்டு எடத்துலயும் தெறக்குது. நல்லம்மா ஆச்சிக்குத் தெறக்கல. என்ன வித்தியாசம்? 'கோ', 'தொ'. ககரத்துக்கு முன்னால ஒரு கொம்பு, பின்னால ஒரு காலு. உங்க போன் அந்தக் கொம்பையும் காலையும் ஒரே துண்டா அனுப்புது. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்ல இருக்கற பழைய கீபோர்டு கொம்பைத் தனியா, காலைத் தனியா, ரெண்டு துண்டா அனுப்புது. ஸ்கிரீன்ல பாத்தா ரெண்டும் ஒரே 'கோ'தான். ஆனா மெஷினு உள்ள துண்டைத்தான் பாக்குது. வேற வேற வார்த்தைன்னு முடிவு பண்ணிருது. எங்க தப்புதான். பாஸ்வேர்டை உள்ள வெச்சுப் பூட்டறதுக்கு முன்னால ரெண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்திருக்கணும். அந்தத் தரநிலையிலயே இதுவும் எழுதியிருக்கு. நாங்க பாதியோட நிறுத்திட்டோம்."

எனக்குப் புரிந்தது. "அதாவது, முழு நீளப் பைப்பா எறக்குனாலும், ரெண்டு துண்டச் சாக்கெட் போட்டு இணைச்சு எறக்குனாலும் தண்ணி ஒண்ணுதான் வரும். உங்க மேஸ்திரி மட்டும் தண்ணியப் பாக்காமத் துண்ட எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கறான்."

"அதேதான் அங்கிள்."

"உங்க பாஸ்வேர்டுல அந்த மாதிரி எழுத்து இருக்குதுங்களா மாமா?" என்றாள் ரஞ்சனி. "என்னன்னு சொல்ல வேண்டாம். இருக்குதா இல்லையான்னு மட்டும்."

"இருக்குது."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுருங் மாமா."

"விடு கண்ணு. அந்தத் திமிங்கலமும் நெசந்தான், அதையும் சேத்து நம்பிரு."

சிரித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நைட்டோட சரி பண்ணிருவோம். தமிழ எடுக்கப் போறதில்ல. தணிக்கைக்கு இதையே காட்டப் போறேன். நீங்க வெச்சதை மாத்தவே வேண்டாம். சனிக்கிழமை அப்படியே அடிங்க, தெறக்கும்."

"அவ்வளவு வெரசாவா?" என்றேன். "மலையாளத்துக்கும் பாத்துட்டீங்களா? பர்மாக்காரன் ஒருத்தன் வந்து படுத்தா? மங்கோலியா? அவசரப்படக் கூடாது. ஒரு மூணு மாசம் எடுத்துக்கிட்டு நெதானமா—"

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். 

ஜூன் 14, சனி

தணிக்கையில் தேறிவிட்டார்களாம். நல்லம்மாளுக்குத் திறந்துவிட்டது. புதுக் கடவுச்சொல் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அதையும் வார்டுக்கு அறிவித்தார். மூன்றாவதாக இன்னொன்று வைக்க வேண்டியதாயிற்று.

நான் சந்திரிகா அம்மாவின் அறைப் பக்கம் போனேன். கூட்டம் அதிகம். ஒரு கூட்டம். சரி, ஒரு ஆள் இருந்தார். பெருந்தன்மையாக அவருக்கு வழிவிட்டுவிட்டுப் பின்கேட் வழியாக வந்துவிட்டேன்.

தண்ணீர்: சொன்ன அளவைவிடக் குறைவு. இளநீர்: இல்லை. நிஜமாகவே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

பூங்கோதை வந்தாள். தூக்குப்போசியில் சாப்பாடு, இடுப்பில் நான் கொடுத்த அதே குக்கர். குக்கரைத் திருப்பிக் கொண்டுவந்து என் சமையல்கட்டில் டங்கென்று வைத்தாள்.

"என்ன கோதை இது?"

"நீ குடுக்கறத வாங்க எனக்கு இஷ்டமில்ல. எப்படி இருக்குது?"

நன்றாக இல்லை. 

"நாளைக்குக் கடைசி நாளு" என்றாள்.

"தெரியும்."

"பூட்டு சரியாப் போச்சு."

"அதுவும் தெரியும்."

"அப்பறம்?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ என் பம்பு ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தை வைத்தே சொல்வேன், ஏழரை எச்.பி. அதைப் பற்றி அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன்.

"அண்ணா. வாய மூடு."

மூடினேன்.

"தங்கச்சி வூட்டுல கை நீட்டக் கூடாது. அதானே?"

"ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா வந்து ஊசி போட்டுக்குது? சரி, உன்ற சட்டப்படியே பேசறேன். எனக்கு நகை போட்டே, சேலை எடுத்தே, அதெல்லாம் நீ குடுத்தது. மாடு கண்ணு, வூடு, காடு, அது என்ற ஊட்டுக்காரரு சம்பாதிச்சது. இதுல எதையாச்சும் உனக்குக் குடுக்கறேன்னு சொன்னனா? கிட்னி அந்தூட்டுச் சொத்தாண்ணா? அவங்களா செஞ்சு போட்டாங்க? நம்மம்மா வயித்துல இருந்து கொண்டாந்தது. பொறந்தூட்டுப் பொருளு. ரெண்டு கொண்டுட்டுப் போனேன், ஒண்ணு பொறந்தூட்டுக்கே திரும்பி வருது. இதுல நீ எங்க கை நீட்டறே?"

நான் வாழ்நாளெல்லாம் பேசி விற்றவன். ஓடாத மோட்டாரை ஓடுகிற மோட்டாரைவிட நல்லது என்று விற்றிருக்கிறேன். இன்று என்னிடமே ஒருத்தி விற்றுக்கொண்டிருந்தாள்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ கல்யாணம் பண்ணியிருந்தா இணைச்சீரு நாந்தானே பண்ணியிருப்பேன். மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவ நின்னு பண்ணோணும், அவ இல்லாமத் தாலியே கட்ட முடியாது. ஒரே அண்ணன் எனக்கு. அந்தச் சீரையும் நான் பண்ண முடியாமப் பண்ணிப்போட்டே. இதையும் பண்ண விட மாட்டீங்கறே. பொறந்தவள்னு எனக்கு வேற என்னதான் வேலை வெச்சிருக்கறே?"

சேலைத் தலைப்பால் குக்கர் மூடியைத் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"சோறு ஆறுது. தின்னு" என்றாள்.

தின்றேன். இரண்டு தடவை வடித்த பீன்ஸ். இவ்வளவு ருசியான பீன்ஸ் பூமியில் விளைந்ததே இல்லை. இது மிகை. வாயில் வைக்க முடியவில்லை. ஆனால் தட்டைக் காலி செய்தேன்.

ஜூன் 16, திங்கள்

காலை. முகச்சவரம் செய்தேன். வெள்ளைச் சட்டை. பஸ்ஸில் பூங்கோதை ஜன்னல் ஓரம், நான் பக்கத்தில். டிக்கெட்டுக்கு நான் காசை நீட்டினேன். அவளும் நீட்டினாள். கண்டக்டர் அவள் காசை வாங்கிக்கொண்டார். நான் விட்டுவிட்டேன். சரித்திரத்தில் இது முதல் தடவை.

சந்திரிகா அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். ரஞ்சனி கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றாள். வழக்கம்போல ஒற்றை விரல். கருப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. கொம்பு தனியாக, கால் தனியாக. அடித்து முடித்து விரலை எடுத்தேன்.

திறந்தது. என் பெயர், என் ரத்த வகை, அந்த முறைக்கிற படம். படத்துக்குச் சொந்தக்காரியும் பின்னால் நின்று அதே மாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சு அமுக்குங்க சார். யாரும் கட்டாயப்படுத்தலையே?" என்றார் சந்திரிகா அம்மா. கேட்க வேண்டியது அவர் கடமை.

"கட்டாயந்தான்" என்றேன். "ஆனா எங்க வகையறா வழக்கப்படி சரியாத்தான் இருக்குது." அமுக்கினேன்.

 வெளியே வந்ததும் பூங்கோதை கேட்டாள்: "அப்படி என்னத்தத்தான் பாஸ்வேர்டுன்னு வெச்சிருந்தே?"

"கொங்குநாட்டுச் சிங்கம் செங்கோட்டுவேல் பராக்."

"சிங்கமாம், சிங்கம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நடை கொஞ்சம் வேகமாக இருந்தது. தலைப்பு முகத்துக்குப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் போனில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். அதனால் பழையதை இங்கே எழுதலாம்: 'கோதைக்குக் கொடு, கோதையிடம் வாங்காதே'. இனி அது செல்லாது.

தண்ணீர்: சொன்ன அளவு.

இந்த நோட்டைப் படிப்பவருக்கு ஒரு வார்த்தை. பல்லடத்துப் பம்பு, திமிங்கலம், யானை, ஒதுங்கி நின்ற அவினாசி ரோடு, எல்லாம் நான் அளந்து விட்டது. ஆளைப் பார்த்து எவ்வளவு வேண்டுமோ கழித்துக்கொள்ளலாம். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். பத்தாம் தேதி அந்தக் கம்ப்யூட்டர் முன்னால், தப்பாக அடிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கும், மூன்று தடவையும், சரியாகத்தான் அடித்தேன்.